போஹானின் வண்டி முன்னால் போகட்டும்

யுயெசின் மூங்கில் குச்சியைக் கொண்டுபோய்ச் செருப்பு அலமாரியின் மேல் வைத்துவிட்டு வந்தாள். அவள் வந்து உட்காருவதற்குள் புருஷனின் அண்ணன் தியென்ஃபூ அதை எடுத்துக்கொண்டு பின்னாலேயே வந்து மறுபடி அவள் கையில் திணித்தார். விடிந்ததிலிருந்து இதே கூத்துதான். பச்சை மூங்கில், கணு சீவி, பிடிக்கிற இடத்தில் வெள்ளைத் துணி சுற்றியிருந்தது. அவரே அதிகாலையில் கால்வாய்க் கரைக்குப் போய் வெட்டிக்கொண்டு வந்தது.

"வேணாம் அத்தான். சொன்னா கேளுங்க."

"நான் என்ன உன்னை மலையையா புரட்டச் சொல்றேன்? சவப்பெட்டி மேல மூணு தட்டு. அவ்வளவுதான்."

"என் கை வராது."

"வர வைக்கணும். போஹானோட அப்பன் இருந்தா அவனை வச்சு முடிச்சிருப்பேன். அவன்தான் முந்திக்கிட்டானே. இப்ப பெத்தவன்னு உன்னை விட்டா யாரு இருக்கா?"

யுயெசின் குச்சியை அவர் கையிலேயே திருப்பிக் கொடுத்தாள். அவள் எதிரில் பிளாஸ்டிக் முக்காலியில் உட்கார்ந்து, செத்தவனுக்காக எரிக்கிற தங்கத்தாளை மடித்துக்கொண்டிருந்த ஷூலான் தலையைத் தூக்காமல் இன்னும் வேகமாக மடித்தாள். இருவரும் பல வருஷமாக ஒரே கொட்டகையில் எதிரெதிரே உட்கார்ந்து சிப்பி உடைக்கிறவர்கள். எப்போது பேச வேண்டும், எப்போது வாயை மூடிக்கொள்ள வேண்டும் என்று ஷூலானுக்குத் தெரியும்.

தியென்ஃபூ குனிந்து குரலைத் தாழ்த்தினார். "இங்க பாரு. பெத்தவளுக்கு முன்னாடி போறது பிள்ளை பண்ற பெரிய குத்தம். அதை நீயே இந்தப் பக்கத்துல தட்டி முடிச்சிட்டா அந்த லோகத்துல யாரும் கேக்க மாட்டாங்க. தட்டாம அனுப்பினா அங்க இருக்கறவன் அடிப்பான். அவன் தட்ட மாட்டான், யுயெசின். அவனுக்கு இவன் யாரு? உரிச்சு எடுத்துருவான்."

இந்தப் பேச்சைத்தான் அவளால் ஒதுக்கித் தள்ள முடியவில்லை. இதையெல்லாம் முழுசாக நம்புகிறவள் என்று அவளைச் சொல்ல முடியாது. ஆனால் நம்பாதவள்கூடப் பெற்ற பிள்ளையை வைத்துச் சோதித்துப் பார்ப்பாளா? ஏழு நாளாக அவள் சோறு இறங்காமல் கிடந்தது பாதி அவன் போனதற்காக, பாதி இந்தக் குச்சிக்காக.

போஹானை அவள் கை நீட்டி அடித்ததே கிடையாது. வாய் ஓயாது, அது வேறு. காலையில் எழுந்து பல் தேய்ப்பதில் ஆரம்பித்து ராத்திரி விளக்கை அணைக்கிற வரைக்கும் அவனைத் திட்டிக்கொண்டேதான் இருப்பாள். இருபத்தொன்பது வயது ஆம்பிளையை ஊர் கேட்கத் திட்டுகிற அம்மா அந்தக் கடற்கரையில் அவள் ஒருத்திதான். போன வாரம் சிப்பி வளர்க்கிற தூண்களை நடக் கடலுக்குப் போனவன், திரும்பி வருகிற வழியில் படகிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். படகு கரைக்கு வந்தது, அவன் வரவில்லை. அன்று காலையிலும் ஏதோ திட்டித்தான் அனுப்பினாள், என்னவென்றுகூட ஞாபகமில்லை.

வெளியே சந்தில் ஒரு கார் என்ஜின் உறுமியது. அதோடு சேர்ந்து, கொசுவை மைக்கில் பிடித்து விட்டதுபோல, "ஙொய்ய்ங்" என்று ஒரு ஊளை. பந்தலில் இருந்தவர்கள் காதைப் பொத்தினார்கள்.

"இந்தத் தடியன் வேற!" என்று தியென்ஃபூ குச்சியும் கையுமாக வெளியே பாய்ந்தார்.

சந்தை முழுக்க அடைத்து நீலமும் வெள்ளையுமாகத் தார்ப்பாய்ப் பந்தல். இரண்டு பக்கமும் ஆளுயரத்துக்குக் குளிர்பான டப்பாக்களை அடுக்கிக் கோபுரம் கட்டி, அனுப்பியவர்கள் பெயரை எழுதி ஒட்டியிருந்தார்கள். சிப்பி வியாபாரிகள் சங்கம் ஒன்று, கோயில் கமிட்டி ஒன்று, போஹானின் பள்ளிக்கூடத்துச் சேக்காளிகள் ஒன்று. நடுவில் முக்காலிகளின் மேல் சவப்பெட்டி இருந்தது. பந்தல் முடிகிற இடத்தில் பின்மூடி திறந்தபடி போஹானின் பழைய வெள்ளைக் கார் நின்றது. அதன் பின்பெட்டிக்குள் பாதி உடம்பை நுழைத்துக் கிடந்தான் அவன் கூட்டாளி ஆ-சுன்.

"டேய், இது சாவு வீடா, மெக்கானிக் ஷெட்டா?"

"கொஞ்சம் பொறுத்துக்குங்க பெரியப்பா. இதோ முடிஞ்சிரும்."

"நேத்தும் இதைத்தான் சொன்ன. போட்டோவை வச்சு முன்னால ஓட்டிட்டுப் போறேன்னு கேட்ட, சரின்னேன். பாட்டுக் கச்சேரிக்கா நான் சரின்னேன்? பொணத்துக்கு முன்னாடி டிஸ்கோ போச்சுன்னு ஊரே வாயால சிரிக்காது."

ஆ-சுன் வெளியே வந்து நிமிர்ந்தான். ஐஸ் லாரி ஓட்டுகிறவன், கதவு அகலத்துக்கு ஆள். அழுது அழுது கண் ரெண்டும் வீங்கிச் சின்னதாகியிருந்தது. "எல்லாத்தையும் அவனே மாட்டிட்டான் பெரியப்பா. ஸ்பீக்கர் பெட்டி, ஆம்ப், எல்லாம். ஒயர் இழுக்கறது மட்டும்தான் பாக்கி. அதை அப்படியே பாதியில வச்சு எப்படி…" பின்மூடியைப் பிடித்துக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

தியென்ஃபூ குச்சியால் தரையில் ரெண்டு தட்டுத் தட்டிவிட்டு, மேளக்காரர்களுக்கு டீ போயிற்றா என்று பார்க்கப் போய்விட்டார்.

அவர் போன திசையைப் பார்த்துக்கொண்டே யுயெசின் எழுந்து வெளியே வந்தாள். குச்சியிடமிருந்து தப்பிக்கத்தான் வந்தாள், வேறு எதற்கும் இல்லை. கார் பக்கத்தில் போய் நின்றாள்.

பின்பெட்டி நிறைய அந்த ஸ்பீக்கர் பெட்டிதான். அதில் ரெண்டு வட்டமான கறுப்பு வாய்கள். பழைய சாமான் கடையில் யாரோ கழற்றிப் போட்ட ஸ்பீக்கர்கள். சத்தத்தைக் கூட்டித் தருகிற ஆம்ப் வேறொரு அடிபட்ட காரிலிருந்து வந்தது. பலகை அறுத்து, ஒட்டி, காற்று போகாமல் சந்து பொந்தெல்லாம் பசை தடவி, கல்யாண மண்டபத்தில் கிழித்துப் போட்ட சிவப்புக் கம்பளத்தை மேலே இழுத்து ஒட்டி, மொத்தப் பெட்டியையும் இந்தக் குளிர்காலம் பூரா சிப்பிக் கொட்டகையில் உட்கார்ந்து அவன் செய்தான். அவள் உடைப்பாள், அவன் அறுப்பான். அறுத்துக்கொண்டே பேசுவான். ஏன் இந்த ஒயர் இப்படிப் போக வேண்டும், ஏன் அந்த ஒயர் அப்படிப் போகக் கூடாது என்று ஒரே பேச்சு. அவளுக்குக் காது புளித்துப்போய்விடும். "எனக்கு எதுக்குடா இதெல்லாம்? நான் என்ன கடை வைக்கப் போறேனா?" என்பாள். அவன் சிரித்துக்கொண்டு மேலே சொல்லிக்கொண்டே போவான்.

"என்னடா ஆச்சு?" என்று கேட்டாள்.

ஆ-சுன் ஒதுங்கி நின்றான். "தெரியலம்மா. என்ஜினைப் போட்டா ஊளையிடுது. ஆக்ஸிலேட்டரை மிதிச்சா இன்னும் கூடுது. பாட்டு வந்தாலும் வயித்துல வாயு இருக்கற மாதிரி பொத்துப் பொத்துன்னு வருது. ஆம்ப்ல ஒரு திருகு இருக்கு, அதைக் கடைசி வரைக்கும் ஏத்தி விட்டும் பாத்துட்டேன். ஒண்ணும் ஆகல. அவன் இருந்தா…" மூக்கை உறிஞ்சினான். "எனக்கு டார்ச் பிடிக்கத்தான்மா தெரியும். அவன் நீட்டுன்னா நீட்டுவேன், புடின்னா புடிப்பேன்."

யுயெசின் குனிந்து உள்ளே பார்த்தாள். "சிவப்பு ஒயரு எந்தப் பக்கமா வருது?"

"பேட்டரிலேர்ந்து… டிரைவர் பக்கமா."

"பாட்டு வர்ற ஒயரு?"

"அந்தப் பக்கமா. ரெண்டையும் ஒண்ணா விடக் கூடாதுன்னு அவன் சொல்லியிருந்தான்."

"அப்ப அது சரிதான். கறுப்பு?"

ஆ-சுன் முழித்தான். "எந்தக் கறுப்பு?"

"ஆம்ப்லேர்ந்து வண்டி உடம்புக்குப் போகுமே, குட்டையா ஒண்ணு. அதை எங்க திருகி வச்சிருக்க?"

அவன் கம்பளத்தை விலக்கிக் காட்டினான். தரைத் தகட்டில் ஒரு போல்ட்டு. அதைச் சுற்றி வெள்ளைப் பெயிண்ட் கொஞ்சம்கூடக் கலையாமல் இருந்தது.

"பெயிண்ட் மேல வச்சு முறுக்கினா எப்படிடா ஓடும்? அடியில இரும்பு தெரிய வேணாமா? சுரண்டணும். பளபளன்னு ஆகிற வரைக்கும் சுரண்டிட்டுத்தான் வைக்கணும். தலையெழுத்து, இதுகூடத் தெரியாமலா இத்தனை நாள் அவன்கூடச் சுத்தின?"

சொல்லி முடித்த பிறகுதான் அவளுக்கே தூக்கிவாரிப் போட்டது. இது அவள் பேச்சே இல்லை. ஒரு எழுத்து பிசகாமல் அவன் பேச்சு. ஆ-சுனும் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். கேட்டதே இல்லை, காதிலேயே போட்டுக்கொண்டதில்லை என்று அவள் நினைத்துக்கொண்டிருந்த அத்தனையும் உள்ளே போய் உட்கார்ந்திருக்கிறது.

"என் கத்தியை எடுத்துட்டு வா. கொட்டகையில தொட்டிக்குப் பக்கத்துல கிடக்கும்."

"அம்மா, நீங்க எதுக்கு…"

"எடுத்துட்டு வாடான்னா!"

அவன் ஓடிப்போய் சிப்பிக் கத்தியை எடுத்து வந்தான். யுயெசின் கறுப்புக் கால்சட்டையை முழங்காலுக்கு இழுத்துக்கொண்டு காரின் பின்பெட்டிக்குள் ஏறி மண்டிபோட்டாள். போல்ட்டைக் கழற்றி வைத்துவிட்டுக் கத்தி முனையைத் தகட்டில் கொடுத்துச் சுரண்ட ஆரம்பித்தாள். பெயிண்ட் சுருள் சுருளாக வந்தது. அடியில் துரு. கடற்காற்று விட்டு வைக்குமா? துருவையும் சுரண்டினாள். ஏழு நாளாக ஆளாளுக்கு அவளைத் தோளைப் பிடித்து உட்கார வைத்திருந்தார்கள். உட்காருக்கா, படுத்துக்கோக்கா, நாங்க பாத்துக்கறோம்க்கா. உட்கார்ந்து உட்கார்ந்துதான் அவளுக்குப் பைத்தியம் பிடிக்கிற மாதிரி இருந்தது. இப்போது கைக்கு ஒரு வேலை கிடைத்ததும் மூச்சு கொஞ்சம் நேராக வந்தது.

பந்தலில் வந்து உட்கார ஆரம்பித்திருந்தவர்கள் கழுத்தை நீட்டிப் பார்த்தார்கள். சவப்பெட்டிக்குப் பக்கத்தில் அழுதுகொண்டிருக்க வேண்டியவள் காருக்குள் மண்டிபோட்டுத் தகரம் சுரண்டுகிறாள். பாவம், மூளை கலங்கிவிட்டது என்று இரண்டு பேர் பேசிக்கொண்டது அவள் காதிலேயே விழுந்தது. விழட்டும் என்று விட்டுவிட்டாள்.

"அம்மா, ஒண்ணு சொன்னா திட்ட மாட்டீங்களே?" ஆ-சுன் டார்ச்சைப் பிடித்துக்கொண்டே கேட்டான்.

"திட்டாம எப்ப இருந்திருக்கேன்?"

"உங்களுக்குப் பயந்துதான்மா இதை அவன் முடிக்காமலே வச்சிருந்தான். புது வருஷத்துக்கு நீங்க உங்க அக்கா வீட்டுக்குப் போவீங்கல்ல, அன்னிக்கு மாட்டிடலாம், வந்து பாத்தா அப்புறம் என்ன பண்ணிருவாங்கன்னு சொன்னான்."

"எனக்குப் பயந்தா? அந்த எருமையா?" சட்டென்று சிரிப்பு வந்துவிட்டது அவளுக்கு. வந்த வேகத்தில் நின்றும் போயிற்று. முகத்தை இன்னும் உள்ளே நுழைத்துக்கொண்டு சுரண்டினாள். அதை மாட்டுகிற அன்று நீ வீட்டை விட்டு வெளியே போகலாம் என்று அவனிடம் சொன்னது அவளேதான். பக்கத்து வீட்டில் எல்லாம் வயசானவர்கள், ஒருத்தருக்கும் மதியத் தூக்கம் கெடக் கூடாது. அப்படிச் சொன்னதில் தப்பொன்றுமில்லை. எந்த அம்மாவும் சொல்லக்கூடியதுதான். ஆனாலும் கத்தியை இன்னும் அழுத்திக் கொடுத்தாள்.

காசு அகலத்துக்குத் தகடு கண்ணாடியாக மின்னியது. "இந்தா, இப்ப வச்சு முறுக்கு. ஆடாம முறுக்கு," என்று சொல்லி இறங்கினாள். அதே நேரம் பந்தலுக்குள் மணி கிணுகிணுத்தது. சடங்கு செய்கிற லாய் அங்கியைப் போட்டுக்கொண்டு பெட்டிக்கு முன்னால் வந்து நின்றுவிட்டார்.

அதன் பிறகு நடந்ததெல்லாம் தண்ணீருக்குள் நடந்த மாதிரி இருந்தது. லாய் ராகம் போட்டு ஓதினார். சிப்பி வியாபாரிகள் வரிசையாக வந்து ஊதுவத்தியைத் தூக்கிக் கும்பிட்டுப் போனார்கள். சங்கத் தலைவர் ஏதோ காகிதத்தைப் பார்த்து வாசித்தார், நல்ல பையன், உழைப்பாளி என்று. போஹான் போட்டோவிலிருந்து எல்லாரையும் பார்த்துக்கொண்டிருந்தான். கோயில் திருவிழாவில் எடுத்த படம். சட்டையைத் திருத்தியிருந்தார்களே ஒழிய, வெற்றிலைக்கறை படிந்த சிரிப்பைத் திருத்த யாருக்கும் தோன்றவில்லை.

"பெத்தவங்க வாங்க," என்றார் லாய்.

எங்கிருந்தோ தியென்ஃபூ வந்து குச்சியைக் கையில் கொடுத்தார். ஷூலான் முழங்கையைத் தாங்கிக் கூட்டிக்கொண்டு போனாள். யுயெசின் பெட்டியின் முன்னால் நின்றாள். மூடியின் வார்னிஷில் தார்ப்பாயின் நீலம் தெரிந்தது.

"மூணே தட்டு. தட்டிட்டுத் திரும்பிப் பாக்காம உள்ள போயிருங்க. பெத்தவங்க பின்னால வரக் கூடாது, பெட்டி கிளம்பறதைப் பாக்கவும் கூடாது. கதவை இறக்கிடுவாங்க," என்றார் லாய். அவர் குரலில் கடுமை இல்லை. இதையே எத்தனையோ பேரிடம் சொன்ன குரல்.

குச்சி கையில் இருந்தது. கை தொங்கிக்கொண்டிருந்தது.

"தட்டுக்கா," என்று ஷூலான் காதில் சொன்னாள். "தொட்டா போதும்க்கா. தொட்டதே கணக்குத்தான்."

மேளக்காரர்கள்கூட அசையாமல் நின்றார்கள். ஊதுவத்திச் சாம்பல் வளைந்து விழுந்தது.

"என்ன தப்பு பண்ணான்?" என்றாள் யுயெசின்.

லாய் தியென்ஃபூவைப் பார்த்தார்.

"யாராவது சொல்லுங்களேன். அடிக்கணும்னா ஒரு தப்பு இருக்கணுமில்ல? குடிச்சானா? எவ வீட்டுக் கதவையாவது தட்டினானா? படகுல போனான், வேலை பாத்தான், செத்தான். இதுக்கு நான் அவனை அடிக்கணுமா?" குச்சியை அவர்கள் பக்கம் நீட்டினாள். "வேற எதுக்காவது கேளுங்க, அடிக்கறேன். செத்ததுக்கு அடிக்க மாட்டேன்."

"உனக்காகவா கேக்கறேன்? அவனுக்காகக் கேக்கறேன்மா." தியென்ஃபூ அழுதுவிட்டார். யுயெசினின் புருஷன் செத்தபோதுகூட நிமிர்ந்து நின்று எல்லாக் காரியத்தையும் நடத்தி முடித்த மனுஷன், சின்னப் பிள்ளை மாதிரி முழங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "அங்க தனியா நிப்பான். கேக்க நாதி இருக்காது. அடிப்பாங்கம்மா அவனை."

அவள் குச்சியைத் தூக்க முயன்றாள், சத்தியமாக முயன்றாள். தோள் வரைக்கும் வந்தது. அதற்கு மேல் எடுத்துக் கீழே இறக்க எந்த பலமும் அவள் உடம்பில் இல்லை. கை தானாகத் தாழ்ந்தது.

லாய் வெயிலைப் பார்த்தார். "நேரம் தாண்டுது. என்ன பண்ண, மனசு வரலேன்னா விட்டுறலாம். தூக்குங்கப்பா." தூக்குகிற ஆட்கள் கையுறையை இழுத்து மாட்டிக்கொண்டு முன்னால் வந்தார்கள். தியென்ஃபூ பெட்டியைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார். யுயெசின் அவனை அப்படியே அனுப்பப் போகிறாள், தலையில் அந்தக் குற்றத்தைச் சுமக்க வைத்து அனுப்பப் போகிறாள் என்று தெரிந்தே நின்றாள்.

"வண்டியை எடுடா!" என்று யாரோ சந்து முனைக்குச் சத்தம் கொடுத்தார்கள். போட்டோவைக் காரின் முன்னால் வைத்துக் கட்டியாகிவிட்டது. ஆ-சுன் ஏறி உட்கார்ந்து சாவியைத் திருகினான்.

இந்தத் தடவை ஊளை இல்லை. சாவி திரும்பியதும் போஹான் செருகி வைத்திருந்த பாட்டு தானே ஓட ஆரம்பித்தது. கறுப்பு ஒயர் இரும்பைப் பிடித்துவிட்டது. ஆனால் சத்தம் வராத காலத்தில் கடைசி வரைக்கும் ஏற்றி வைத்த திருகை யாரும் இறக்கவில்லை.

டும்ம்.

தரை குதித்தது. தார்ப்பாய் எம்பி விழுந்தது. கோயில் கமிட்டியின் டப்பாக் கோபுரம் இடுப்பை ஒடித்துச் சரிய, சிப்பி வியாபாரிகள் சங்கமும் அதோடு சேர்ந்து படபடவென்று சரிந்தது. டப்பாக்கள் சந்து முழுக்க உருண்டு ஓடின. டும்ம், டும்ம். திருவிழாவில் சாமி பொம்மைகள் ஆட்டம் போடுகிற மேளம், வீட்டு ஜன்னல், ஓடு, பல், நெஞ்சுக்கூடு எல்லாவற்றையும் பிடித்து உலுக்கியது. எதிர் வீட்டுக் கிழவர் நாற்காலியோடு பின்னால் போனார். லாயின் தொப்பி கண்ணுக்கு இறங்கியது.

"போஹான்!"

யுயெசின் போட்ட சத்தம் அந்த மேளத்துக்கு மேல் கேட்டது.

"டேய் போஹான்! எத்தனை தடவைடா உனக்குச் சொல்றது! காது என்ன அடைஞ்சா கிடக்கு! வயசானவங்க இருக்கற தெருடா இது!" குச்சி விர்ரென்று உயர்ந்து பெட்டியின் மேல் விழுந்தது. "குறைடா!" மறுபடி விழுந்தது. "குறைன்னு சொல்றேன்ல! உனக்காக ஊர்ல நான் எல்லார் வாயிலயும் விழணுமா!" அவள் கண் சிவந்திருந்தது. கழுத்து நரம்பு புடைத்திருந்தது. கொட்டகைக்குள்ளிருந்து மாடிக்குக் கத்துகிற அதே கத்தல். மூன்றாவது அடியில் மூங்கில் பிளந்தது. "குறைக்கப் போறியா இல்லையா?"

அவன் குறைக்கவில்லை.

அவள் நாலாவதுக்குக் கையை ஓங்கினாள். ஓங்கிய கை அப்படியே நின்றது. எதிரில் என்ன இருக்கிறது என்று அப்போதுதான் அவள் கண்ணுக்குத் தெரிந்தது.

ஆ-சுன் தட்டுத் தடுமாறிச் சாவியைத் திருகி அணைத்தான். கடைசி டப்பா ஒன்று சாக்கடை வரைக்கும் உருண்டு போய் நிற்கிற சத்தம் தனியாகக் கேட்டது.

லாய் தொப்பியைச் சரிசெய்துகொண்டார். தொண்டையைக் கனைத்தார். "அம்மா தட்டியாச்சு," என்றார் மெதுவாக. பிறகு எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, ராகத்தோடு, "பெத்தவ கையால தட்டியாச்சு. இனி யாரும் இவனைக் கேக்க வேண்டியதில்லை."

யுயெசின் பிளந்த குச்சியைக் கீழே போட்டாள். மூடியில் அடிபட்ட இடத்தில் வார்னிஷ் நைந்து விரல் நீளத்துக்கு ஒரு வெள்ளைக் கீற்று விழுந்திருந்தது. அதைக் கட்டை விரலால் தேய்த்தாள். போகவில்லை. எச்சில் தொட்டுத் தேய்த்தாள். "வலிச்சுதா?" என்று கேட்டாள். அடிக்கவே மாட்டேன் என்று நின்றவள் ஊரே பார்க்க இப்படி அடித்துவிட்டாளே என்று அவளுக்குத் துக்கம் பொத்துக்கொண்டு வந்தது. ஏழு நாளாக வராத அழுகை. பெட்டியின் மேல் கவிழ்ந்து வாய்விட்டு அழுதாள். ஷூலான் அவளை இழுக்கவில்லை.

ஆ-சுன் கும்பிட்ட கையோடு ஓடி வந்தான். "மன்னிச்சிருங்க பெரியப்பா. திருகை இறக்க மறந்துட்டேன். போட மாட்டேன் பெரியப்பா, இனிமே போடவே மாட்டேன்."

தியென்ஃபூ அவனைப் பார்த்தார். தரையில் கிடந்த பிளந்த மூங்கிலைப் பார்த்தார். மூக்கைச் சிந்தினார்.

"போடு," என்றார்.

"பெரியப்பா?"

"போடுடான்னா. கொஞ்சம் குறைச்சு வச்சுப் போடு. அவன் வண்டி முன்னால போகட்டும்."

"ஊர் சிரிக்குமே?"

"சிரிக்கறவன் வீட்டுக்கு நான் போய்ப் பேசிக்கறேன். நீ ஒழுங்கா ஓட்டு. பாலத்துக்கிட்ட மெதுவாப் போ."

ஷூலான் யுயெசினைத் தோளோடு அணைத்து உள்ளே கூட்டிக்கொண்டு போனாள். திரும்பிப் பார்க்காதே என்று சொல்ல வேண்டியிருக்கவில்லை, அவளால் தலையைத் தூக்கவே முடியவில்லை. அவர்கள் உள்ளே நுழைந்ததும் வெளியிலிருந்து யாரோ கொக்கி போட்டு ஷட்டரைக் கடகடவென்று இழுத்து இறக்கினார்கள். முன்னறை இருண்டது. கீழே தரையை ஒட்டி ஒரு கோடு மட்டும் வெளிச்சம். அதில் கால்கள் குறுக்கும் நெடுக்குமாகப் போயின. பிறகு கால்கள் எல்லாம் ஒரே பக்கமாகத் திரும்பின.

"உக்காருக்கா. தண்ணி தரட்டுமா?"

யுயெசின் தலையசைத்தாள், வேண்டும் என்றா வேண்டாம் என்றா தெரியவில்லை. வெளியே மேளக்காரர்களின் நாகசுரம் போன்ற குழல் வீறிட்டது. மேளம் கிளம்பியது. லாயின் மணி. எல்லாவற்றுக்கும் முன்னால், அடியில், டும்ம், டும்ம் என்று அந்தச் சத்தம் நகர ஆரம்பித்தது. இப்போது அது அளவாக இருந்தது.

குழல் முதலில் மங்கியது. கோயில் திருப்பத்தில் மணியும் போயிற்று. பிறகு மேளம். அணைக்கட்டுச் சாலைக்குத் திரும்பியிருப்பார்கள். அந்தச் சத்தம் மட்டும் போகாமல் இருந்தது. காதுக்குச் சரியாகக் கேட்கவில்லை, ஆனாலும் ஷட்டர் தகடு இன்னும் லேசாக அதிர்ந்துகொண்டிருந்தது.

யுயெசின் எழுந்துபோய் தகட்டின் மேல் உள்ளங்கையை வைத்தாள்.

"அக்கா, என்ன பண்றே? அங்க நிக்கக் கூடாதுக்கா."

"பாக்கலையே. நான் எங்க பாக்கறேன்?"

யுயெசின் கண்ணை மூடிக்கொண்டு நின்றாள். விரல்களுக்கு அடியில் தகடு துடித்தது, விட்டது, துடித்தது. உப்பளம் தாண்டியிருக்கும். பாலம் வந்திருக்கும். ஒரு தடவை நன்றாகத் தெரிந்தது. இன்னொரு தடவை தெரிந்த மாதிரி இருந்தது.

அப்புறம் அது வெறும் தகடாக இருந்தது. அவள் கையை எடுக்கவில்லை. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு ஷூலான் போய் விளக்கைப் போட்டாள்.